பொய்ப்பசி

ஐந்தாம் குறுக்குத் தெருவில்
பத்தொன்பது வருசமாய் நிறுக்கிறவன் நான்.
பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய், மைசூர்ப் பருப்பு.
அள்ளும்போதே கைக்குத் தெரியும்
ஐம்பது கிராம் கூடவா குறையவா என்று.
மகளைத் தூக்கியபோது மட்டும்
என் கையை நான் நம்பவில்லை.

ஒன்றரை வயதில் பதினேழு கிலோ.
ஆறு வயதில் நாற்பத்திநாலு.

துளசிகா.
பள்ளிச் சட்டை தைக்கும் செல்ஸ்டீனா
ஒவ்வொரு தவணையும் நாடாவை இரண்டு தரம் பிடித்துப் பார்ப்பா,
பிறகு என்னைப் பார்ப்பா.
வான்காரர் இரண்டு சீட்டுக்குக் காசு கேட்டார்.
கொடுத்தேன்.
பேரம் பேசியே சோறு தின்கிறவன்
அன்று வாய் திறக்கவில்லை.

"என்னத்தைத் தீத்துறியள் பிள்ளைக்கு?"
அதே பானைச் சோறுதான்.
அதே அகப்பை, அதே பருப்பு.
அண்ணன்காரன் சேயோனின் விலா எலும்பை
சட்டைக்கு மேலாலும் எண்ணலாம்.
அவனைக் கூட்டிப்போய்
வீடு வீடாய்ச் சாட்சி காட்டவா முடியும்?

பூட்டுப் போட்டோம்.
பிரிட்ஜுக்கு ஒன்று, அலுமாரிக்கு ஒன்று.
திறப்பு வதனியின் தாலிக்கொடியில்.
இரவு மூன்று மணிக்குக்
குப்பைவாளிக்குள் கைவிட்டு
மாம்பழத் தோல் சப்பிக்கொண்டிருந்தாள்.
அந்தக் கையில் அடித்தேன்.
"பசிக்குதப்பா."
"பொய்ப்பசி. தண்ணியைக் குடிச்சிட்டுப் படு."
அந்தச் சொல்லை யார் எனக்குத் தந்தது, தெரியாது.
தமிழில் தயாராய்க் கிடந்தது. எடுத்தேன்.

பொரளை சிறுவர் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து
எங்களுக்கு விசா கிடைக்காத நாடொன்றுக்கு
அனுப்பினார்கள்.
ஏழு மாதம் கழித்து
டொக்டர் சந்தமாலி திரையை எங்கள் பக்கம் திருப்பினா.
என் புறக்கோட்டைச் சிங்களத்துக்கு எட்டும்படி
மெதுவாய்ச் சொன்னா:
ஓர் அகுர. ஒரேயோர் அகுர பிழை.
எழுத்துக்கு அவர்களின் சொல் அது.
எனக்கு அகரம் என்று கேட்டது.

கொழுப்பு மூளைக்குக் கடிதம் எழுதுமாம்,
போதும் என்று.
எல்லார் உடம்பிலும்.
துளசிகாவின் கொழுப்பும் எழுதுகிறது,
மற்றப் பிள்ளைகளை விடக் கூடவே, பக்கம் பக்கமாய்.
வாங்குகிற இடத்தில் கதவில்லை.
ஆறு வருசத் தபால் வெளியே குவிந்து கிடக்க
உள்ளே இருக்கிறவள்
தான் பட்டினி என்றே நம்புகிறாள்.

நீங்கள் இருவரும் சொந்தமா, என்றா டொக்டர்.

ஓம். மச்சாள். அம்மாவின் தம்பி மகள்.
காணி வெளியே போகக்கூடாதென்று
செய்துவைத்த கலியாணம்.
காணி எப்படியும் போனது,
முட்கம்பிக்கு அந்தப் பக்கம்.
எழுத்து மட்டும் வீட்டுக்குள் தங்கியது.
என்னில் ஒன்று, வதனியில் ஒன்று.
தனியே இருக்கும்வரை சத்தம் போடாதாம்.
இரண்டு ஒல்லிகள் சுமந்து வந்திருக்கிறோம்,
பாரம் தெரியாமல்.

மருந்து இருக்காம். இங்கே இல்லை.
விலையைக் கிராமால் பிரித்துப் பார்த்தேன்.
பவுண் மலிவு.

பூட்டை எடுக்கவேண்டாம், என்றா டொக்டர்.
எழும்பும்போது இன்னொன்றும் சொன்னா:
அடிக்கவேண்டாம்.
யார் சொல்லியிருப்பார்? நான் வதனியைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் யன்னல் சீட் துளசிகாவுக்கு.
"உங்களிட்டயும் இருக்காப்பா அந்தப் பிழை எழுத்து?"
"ஓம். ஒண்டு."
"அம்மாட்ட?"
"ஒண்டு."
விரல் மடித்தாள்.
"அப்ப எனக்கு ரெண்டு. எனக்குத்தான் கூட!"

சேயோனிடம் இருக்கா என்று
இன்னும் நாங்கள் கேட்கவில்லை.

இன்று பின்னேரம் பாண்கார ஓட்டோ
அதே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்புகிறது.
துளசிகா எழும்பி நிற்கிறாள்.
"பசிக்குதப்பா."

"தெரியும்" என்கிறேன்.
பூட்டிய அலுமாரியில் முதுகு சாய்த்து
இரண்டு பேரும் நிலத்தில் இருக்கிறோம்,
மெட்டு போய்த் தொலையட்டும் என்று.

ஒழுங்கை முனையில்
யாரோ மாற்றக் காசு தேடுகிறார்கள்.
அது நின்றுகொண்டே பாடுகிறது.